பல்லக்கா கிட்டார் ஒட்டிய கதை

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பல் எடுப்பாக இருப்பதால் வந்த பெயர் அல்ல. பல் செட் செய்வது அவள் வேலை. ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் லேப். பல் டாக்டர்கள் வாய்களின் அச்சுகளை அனுப்புவார்கள். அதைப் பார்த்து இவள் பற்களை அடுக்கி, ஈறு கட்டி, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். ஊரில் பாதிப்பேருடைய வாய் அவளுக்கு அத்துப்படி. வாய்க்குச் சொந்தக்காரர் யார் என்றுதான் தெரியாது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர் கொட்டாவி விட்டால் போதும், அது தன் கைவேலையா என்று எட்டிப் பார்ப்பாள். ஒரு தடவை பெரியவர் ஒருவரிடம், "கொஞ்சம் சிரிங்களேன்" என்று கேட்டுவைத்தாள். பக்கத்தில் இருந்த அவர் மனைவி இறங்கும்வரை இவளை முறைத்துக்கொண்டே வந்தார்.

புது செட்டை அச்சில் பொருத்தி, நடுவில் நீலக் கார்பன் தாளை வைத்துக் கடிக்க வைத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே நீலப் பொட்டு விழும். பொட்டு விழுந்த இடத்தைத் தேய்க்க வேண்டும். தொழில் அவ்வளவுதான். பல்லக்கா அதில் கெட்டிக்காரி. தொந்தரவு என்னவென்றால், லேப்பைப் பூட்டிவிட்டு வந்த பிறகும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும், எது பேசினாலும், எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாள். சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதனாலேயே யாரும் அடிக்கடி வருவதில்லை.

அப்படி வராமல் போனவர்களில் முதலிடம் அவளுடைய சொந்தத் தங்கைக்கு.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் தங்கை. அக்கா லேப் விடுமுறை நாளில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அப்பாவுக்கு இருந்தது முழு செட், மேலும் கீழும், பல்லக்காவே தன் கையால் செய்தது. ஆஸ்பத்திரியில் அது தொலைந்துபோனது. தொலைந்த மறுநாள் அப்பாவும் போய்விட்டார். கடைசியாக முகம் பார்க்க வந்தவர்கள் பார்த்தது கன்னம் ஒட்டி, வாய் உள்ளே போய், யாரோ போல இருந்த ஒரு முகத்தைத்தான். பல்லக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. அழ வேண்டிய நேரத்தில் அத்தனை பேருக்கும் நடுவே தங்கையைப் பார்த்து, "ஒரு பல் செட்டைக்கூட பத்திரமா வச்சுக்கத் துப்பில்ல, நீ என்னத்த அப்பாவைப் பாத்துக்கிட்ட?" என்று கேட்டாள்.

தங்கை, "ஆமா, நான்தான் தொலைச்சேன்" என்றாள். அதோடு சரி. பதினோரு வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. எப்படித் தொலைந்தது என்று பல்லக்கா ஒரு நாளும் கேட்டதில்லை. யார் தொலைத்தது என்று தெரிந்ததும் விசாரணை முடிந்துவிட்டது.

இத்தனைக்கும் சின்ன வயதில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிட்டார் வாசித்தவர்கள். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார், ஆளுக்கு ஒன்று. இருவர் சேர்ந்து வாசிக்க எழுதிய இசைத்தாள் கட்டு ஒன்று வீட்டில் இருந்தது. பேசினால் அடிதடி, வாசித்தால் அமைதி என்று அந்தக் காலத்திலேயே அம்மா கண்டுபிடித்து வைத்திருந்தாள். சண்டை முற்றும்போது அடுக்களையிலிருந்து, "ரெண்டு பேரும் போய் வாசிங்கடி!" என்று சத்தம் வரும். போய் வாசிப்பார்கள். பிறகு வேலை, கல்யாணம், குழந்தை. பல்லக்கா வாசிப்பதை விட்டதற்குக் காரணம் என்று ஒன்றும் இல்லை. ஒரு நாள் வாசிக்கவில்லை, மறுநாளும் வாசிக்கவில்லை, கிட்டார் பீரோ மேலே ஏறியது, அதற்கு மேலே ஒரு பெட்டி ஏறியது.

இந்த நிலைமையில்தான் அவள் கணவருக்கு ஒரு போன் வந்தது. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று நிதானமாகப் பேசிப் பேசியே குரல் மெத்தென்று ஆகிவிட்ட மனிதர். அக்கா தங்கைக்கு நடுவில் இத்தனை வருடமும் இரு பக்கத்துச் செய்தியும் அவர் வழியாகத்தான் போய்வந்தது. சாப்பாடு முடிந்து பல்லக்கா கை கழுவும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னார்.

"உன் தங்கச்சிக்கு இங்க ஆபீஸ்ல ஒரு வாரம் ட்ரெய்னிங்காம். நம்ம வீட்ல தங்கலாமான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன்னைக் கேக்காம நான் என்னத்த சொல்ல? ஆனா இன்னொண்ணும் சொன்னா. 'கிட்டார் எடுத்துட்டு வரேன் அத்தான். அக்காகிட்ட சொல்லுங்க, பேச வேண்டாம், வாசிச்சா போதும்னு'."

பல்லக்கா கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடி துடைத்தாள். அவளுக்குத் தங்கை வேண்டும். அதை யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் தனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்பதும் தெரியும். ஆகவே எல்லாம் கிட்டாரின் தலையில் வந்து விழுந்தது. அது பாடினால் தங்கை ஒரு வாரம் இருப்பாள். பாடாவிட்டால் பேச வேண்டியிருக்கும், பேசினால் இரண்டாம் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"வரச் சொல்லுங்க" என்றாள். "அந்தப் பெட்டியை இறக்குங்க."

பெட்டி இறங்கியது, கிட்டாரும் இறங்கியது. கம்பிகள் மங்கிப்போய்த் தொளதொளவென்று கிடந்தன. அது சின்ன விஷயம், புதுக் கம்பி வாங்கிவிடலாம். பெரிய விஷயம் கீழே இருந்தது. கம்பிகளைக் கட்டிவைத்திருக்கும் மரக்கட்டை, பிரிட்ஜ் என்பார்கள், பின்பக்கம் பலகையை விட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பல வருடம் கூரைச் சூட்டில் கிடந்து பசை விட்டுப்போயிருந்தது. இடுக்கில் நீலக் கார்பன் தாளை நுழைத்துப் பார்த்தாள். பாதித்தாள் உள்ளே போனது. ஆடுகிற பல்லைப் பார்க்கும் டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினாள்.

கிட்டார் ரிப்பேர்காரர் கடைக்கு எடுத்துப் போனாள். அங்கே கூரையிலிருந்து கிட்டார்கள் வரிசையாகத் தொங்கின. நடுவில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தார், தட்டினார், மோந்துகூடப் பார்த்தார்.

"நல்ல மரம். பிரிட்ஜை முழுசாக் கழட்டி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, அப்புறம் ஒட்டணும். விட்டுட்டுப் போங்க. ஒரு ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா? ஒட்டறதுக்கா?"

"ஒட்டறதுக்கு ஒரு நாள்தான்மா. மேல தொங்குதே, அதெல்லாம் உங்களுக்கு முன்னாடி வந்தது."

தங்கை வரவோ இரண்டு வாரம்தான் இருந்தது. பல்லக்கா கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவர் சொன்னதில் 'ஒட்டணும்' என்பது மட்டும் அவள் காதில் விழுந்தது. சுரண்டுவது, கழட்டுவது எல்லாம் காசு பிடுங்கச் சொல்கிற வார்த்தைகளாகப் பட்டன. முப்பது வருடமாக ஒட்டுகிறவளிடம் ஒட்டுவதைப் பற்றிப் பாடம் நடத்துகிறாராம்.

லேப்பில் உடைந்த செட்டை ஒட்ட ஒரு சரக்கு உண்டு. ஒரு பொடி, ஒரு திரவம். இரண்டையும் குழைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். அதைக் கொண்டு ஒட்டிய செட்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் எலும்பு கடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்பது லேப்பில் எல்லோருக்கும் தெரிந்த பெருமை. மனிதன் கடிக்கிற கடிக்கே தாங்குகிறது, ஆறு நைலான் கம்பி எம்மாத்திரம் என்று பல்லக்கா கணக்குப் போட்டாள். கணக்கில் ஒரே ஒரு ஓட்டை. அந்தச் சரக்கு பிளாஸ்டிக் செட்டோடு உருகிக் கலந்து பிடிப்பது. பழைய பசை மூடிய மரத்தில் அது சும்மா படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இது மரம் தெரிந்த யாருக்கும் தெரியும். பல் மட்டும் தெரிந்தவர்களுக்குத் தெரியாது.

மற்றவர்கள் போன பிறகு லேப் மேசையில் கிட்டாரை மல்லாக்கப் படுக்க வைத்தாள். இடுக்கில் குழைத்ததை ஊற்றினாள். இறுக்கிப் பிடிக்கக் கருவி எதுவும் அகப்படாததால், அலமாரியில் இருந்த பிளாஸ்டர் அச்சுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரிட்ஜின் மேல் அடுக்கினாள். யார் யாருடையவோ கீழ்த்தாடைகள் எல்லாம் சேர்ந்து கிட்டாரை அழுத்திப் பிடித்தன. காலையில் முதலாளி வந்து பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். பல்லக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

அச்சுகளை எடுத்துப் பார்த்தால் பிரிட்ஜ் அசையவில்லை. லேப்பில் அந்தச் சரக்கு ஈறு நிறத்தில்தான் வரும் என்பதால், கட்டைக்கு அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு ஓடியது. கிட்டாருக்கு ஈறு முளைத்த மாதிரி இருந்தது. பரவாயில்லை, யார் பார்க்கப்போகிறார்கள்.

மற்ற வேலைகளை அவள் செய்த விதத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. கம்பிகள் வந்து உட்காரும் வெள்ளைத் துண்டு தேய்ந்திருந்தது. பல்லுக்குப் போடும் பொருளிலேயே புதிதாக ஒன்று செய்து, மயிரிழை மயிரிழையாகத் தேய்த்துப் பொருத்தினாள். புதுக் கம்பி போட்டதும், கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் எதிலோ கம்பி இடித்து இரைந்தது. கம்பிக்கு அடியில் கார்பன் தாளை வைத்து மீட்டினாள். நீலப் பொட்டு விழுந்தது. பொட்டு விழுந்த இடத்தை ரப்பர் சக்கரத்தால் தொட்டாள். இரைச்சல் போயே போய்விட்டது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கிட்டார் சரியானதும் ஆள் சரியில்லை என்று தெரிந்தது. இடது கை விரல் நுனிகள் பஞ்சாக இருந்தன. இரண்டு வரி வாசிப்பதற்குள் தீய்ந்தது போல எரிந்தன. கம்பியை மீட்ட வலது கைக்கு நகம் வேண்டும். நகம் வளர்த்தால் லேப்பில் பிளாஸ்டர் போய் ஒட்டிக்கொண்டது. முதலாளி நாசூக்காக, "நகம் கொஞ்சம் நீளமா இருக்கே" என்றார். "ஒரு கையில மட்டும்தான் சார்" என்று பதில் வந்தது.  பல் செட் மெருகேற்றும் சக்கரத்திலேயே நகங்களையும் மெருகேற்றிக்கொண்டாள். அவள் வாசித்துப் பழகுவதைக் கணவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் வாரம் பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் கூட்டினார். இரண்டாவது வாரம் குறைத்தார்.

தங்கை வந்து இறங்கினாள். தலை நரைத்திருந்தது, சாயம் போடவில்லை. பல்லக்கா வாசலில் நின்று, "வா" என்றாள். "ம்" என்றாள் தங்கை. இரண்டு பேருக்கும் அது ரொம்ப நீளமான பேச்சாகத் தோன்றியதுபோல, உடனே திரும்பிக்கொண்டார்கள்.

பகல் முழுக்கத் தங்கைக்கு ஆபீஸ், அக்காவுக்கு லேப். சாயங்காலம் டீ குடித்ததும் முன்னறையில் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தங்கையின் கிட்டார் புதிது, விலை உயர்ந்தது. பல்லக்காவுக்கு அதைப் பற்றிச் சொல்ல நாலைந்து விஷயம் தோன்றியது. சொல்லவில்லை. தங்கையின் பார்வை அந்த ரோஸ் கோட்டில் ஒரு நிமிஷம் நின்றது. அவளும் எதையும் கேட்கவில்லை. பழைய இசைத்தாளை நடுவில் விரித்துச் சுருதி சேர்த்தார்கள்.

முதல் நாள் வாசித்ததை வாசிப்பு என்று சொன்னால் பாவம். இரண்டு பேர் ஒரே படிக்கட்டில் தட்டுத்தடுமாறி இறங்குவதுபோல் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் தங்கை எப்போதும் தாளத்தை முந்திக்கொண்டு ஓட்டம் பிடித்துவிடுவாள். சின்ன வயதிலும் அப்படித்தான். அந்த இடம் வந்தால் அக்கா நிறுத்தி, "மறுபடி மொதல்லேருந்து" என்பாள். இப்போதும் தங்கை அங்கே வந்து ஓடினாள். ஓடிவிட்டு, வரப்போகும் வார்த்தைக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். பல்லக்காவின் நாக்கு பல் வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டாள், தானும் கூடவே ஓடினாள். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த சுற்றில் ஓடவில்லை.

அப்படியே நாட்கள் போயின. சாப்பாட்டு மேசையில், "உப்பு", "போதும்", "பஸ் கிடைச்சுதா" என்ற அளவுக்குப் பேச்சு முன்னேறியது. பேச்சு அபாயமான பக்கம் திரும்புவதுபோலத் தெரிந்தால் கணவர், "வாசிக்கலையா?" என்பார். இரண்டு பேரும் எழுந்து போய்விடுவார்கள். வாசிப்பு தேறிக்கொண்டே வந்தது. தங்கை மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டிய சாயங்காலம், முதல் முறையாக முதல் வரியிலிருந்து கடைசிப் பக்கம்வரை தடுக்காமல் வந்துவிட்டார்கள். இன்னும் நாலு வரி. பல்லக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் மங்கியது, தாள்கூடச் சரியாகத் தெரியவில்லை.

டமார் என்று ஒரு சத்தம். பிரிட்ஜ் ஆறு கம்பிகளையும் இழுத்துக்கொண்டு பிய்ந்து எகிறி, பல்லக்காவின் தாடையில் அடித்துவிட்டுத் தொங்கியது. கிட்டாரின் வயிற்றில் வெளிறிய ஒரு சதுரம். அதன்மேல் ஈறு நிறத்தில் உடைந்த சில்லுகள்.

கணவர் அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். கதவுவரை வந்தவர் உள்ளே பார்த்தார். அடிபட்டவள் நன்றாகத்தான் இருந்தாள். மாட்டிக்கொண்டவர்கள் இருக்கும் கதவை எப்போது திறக்கக்கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம். கதவை மெல்லச் சாத்தினார்.

உள்ளே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசிக்க ஒன்றும் இல்லை. எழுந்து போகவும் சாக்கு இல்லை.

"அடி பட்டுச்சா?" என்றாள் தங்கை.

"இல்ல."

"எதை வச்சு ஒட்டின?"

"லேப்ல பல் செட் ஒட்டறது."

தங்கை ஒரு சில்லை எடுத்து விளக்கில் காட்டிப் பார்த்தாள். "அப்பாவோடதும் இதுதானா?"

வந்துவிட்டது. பதினோரு வருடமாகச் சுற்றிச் சுற்றி ஒதுங்கிப் போனது நேராக எதிரே வந்து உட்கார்ந்துவிட்டது. பல்லக்கா, "ம்" என்றாள். அதற்குமேல் எதுவும் சொல்லக்கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

தங்கைதான் பேசினாள். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் இல்லை. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவோம் என்பதுபோலச் சொன்னாள். "அன்னிக்கு நான் தேடாத எடம் இல்லக்கா. சாப்பாட்டுத் தட்டை எடுத்துட்டுப் போனாங்க இல்ல, அதுல அப்பா செட்டை டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வச்சிருந்தாரு. நான் கவனிக்கல. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி குப்பைத் தொட்டியில எல்லாம் கையை விட்டுத் தேடினேன். கிடைக்கல."

பல்லக்கா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"சாப்பாட்டுத் தட்டுலயா?"

"ஆமா."

"சாப்பிடறப்ப எதுக்குக் கழட்டினாரு?"

தங்கை கையிலிருந்த சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பல்லக்காவுக்கு அதற்குமேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பல் செட்டைத் தூங்கக் கழட்டுவார்கள், கழுவக் கழட்டுவார்கள். சாப்பிடக் கழட்டுகிறவனுக்கு ஒரே காரணம்தான் உண்டு. நோயில் ஆள் இளைத்தால் ஈறும் இளைக்கும், செட் தொளதொளத்து ஓரிடத்தில் குத்தும். லேப்பில் சேர்ந்த முதல் மாதமே இதைக் கற்றுக்கொண்டாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லியும் கொடுக்கிறாள்.

"நான் வர்றப்பல்லாம் போட்டுக்கிட்டுதானே இருந்தாரு. சிரிச்சாரே."

"நீ வர்ற நேரம் பாத்து மாட்டிக்குவாரு. நீ போனதும் கழட்டி வச்சிட்டு வாயைப் புடிச்சுக்குவாரு." தங்கை சில்லைக் கீழே வைத்தாள். "சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு. 'அவ ஆசையா பண்ணினது, குறை சொன்னா அவளுக்குத் தாங்காது'ன்னாரு."

"அத்தனை பேர் முன்னாடி நான் உன்னைக் கேட்டேனே. அப்பக்கூடவா சொல்லக்கூடாது?"

"அப்ப எப்படிக்கா சொல்றது? அப்பா அங்க படுத்திருந்தாரு."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பல்லக்கா தன் மடியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். அந்தக் கைக்கு இப்போது செய்ய எதுவுமில்லை.

"எந்தப் பக்கம் குத்திச்சு?"

தங்கை தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்க. இடது பக்கம், கீழ."

"கார்பன் வச்சுப் பாத்து, லேசாத் தேய்ச்சுக் கொடுத்திருப்பேன்டி. அஞ்சு நிமிஷ வேலை." பல்லக்காவின் குரல் உடைந்தது. "அஞ்சு நிமிஷ வேலைடி அது."

அவள் வாய்விட்டு அழுதாள். அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதாள். தங்கை எழுந்து வந்து, அவள் மடியில் கிடந்த கிட்டாரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.